வண்டியின் நடுக்கமும் அதன் முதற்காரணமும்

தமிழ் பயிலும் மாணவனொருவன் மோட்டார் வண்டியின் அடிப்பாகத்தைப் பற்றி எழுதப் புகுதல் நம் சஞ்சிகையைப் படிக்கும் அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். அந்நகைப்பை யான் முன்னரே ஏற்றுக்கொள்ளுகிறேன். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் திருத்தணியில் என் தாய்மாமன் இல்லத்தில் தங்கியிருந்த ஆறு வாரங்களில், ஒரு பழுதுபார்க்கும் பட்டறையின் எண்ணெய்க்கறை படிந்த தரையில் அமர்ந்து யான் கண்டவற்றை எழுதாமலிருக்க என் மனம் இடந்தரவில்லை. யான் சொல்ல வந்தது ஒன்றே. நடுங்கும் வண்டிக்கு முதலில் வேண்டுவது புதிய உதிரிப்பாகம் அன்று; தக்க வினா. அவ்வினாவை எழுப்புவார்க்குக் கூலி கொடுக்க நாம் மனமிசையாதிருத்தலே, நம் வண்டிகள் பட்டறைதோறும் சென்றும் நடுக்கம் தீராது திரும்புவதற்குப் பெருங்காரணமாகும்.

திருத்தணி என்றவுடன் குன்றும், அதன்மேல் ஏறும் 365 படிகளும் பலர்க்கு நினைவு வரும். அவ்வூரின் மற்றொரு முகம் எல்லையூர் என்பது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் அது ஆந்திரத்தினின்று சென்னை மாகாணத்தோடு இணைந்தது. இன்றும் அங்குள்ள பட்டறைகளில் ஒருவர் தமிழிற் கேட்க மற்றொருவர் தெலுங்கில் விடையிறுப்பதைக் காணலாம். என் மாமாவுக்கு எல்லைக்கு அப்பால், நகரி மலையடிவாரத்தில் ஒரு சிறு மாந்தோப்பு உண்டு. தோப்புக்குப் போகும் வழியில் ஆற்றுமணலும், மழைநாளிற் களிமண் சேறும் குறுக்கிடும். ஆதலின் அவர் நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இழுக்கும் 'பிக்கப்' வண்டி ஒன்றை வைத்திருக்கிறார். அத்தகைய வண்டிகள் இப்பொழுது நமக்கு அயலனவும் அல்ல. கிழக்கே தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2016ஆம் ஆண்டு முதல் இசுசு நிறுவனத்தார் அவ்வகை வண்டிகளைச் செய்து வருகின்றனர். மாமாவின் வண்டி யாருடைய கைவேலை என்பது இக்கட்டுரைக்கு வேண்டற்பாலதன்று. நோய் எந்த வண்டிக்கும் வரும்.

மாம்பழக் காலம் தொடங்கிய சில நாட்களில் அவ்வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் நடுங்கத் தொடங்கியது. முதற் பட்டறையில் சக்கரங்களின் எடையைச் சமன்செய்து அனுப்பினர். நடுக்கம் போகவில்லை. 'டயர் தேய்ந்துவிட்டது' என்றார் மற்றொருவர். பின்பக்கத்திற்கு இரண்டு புதிய டயர்கள் வந்தன. நடுக்கம் போகவில்லை. மூன்றாமவர் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளை மாற்றினார். நான்காமவர் ஷாஃப்டைக் கழற்றிக் கிராஸ்களைப் புதுப்பித்துப் பூட்டினார். அன்று மாலை வண்டி வீடு திரும்பியபோது அதன் நடுக்கம் முன்னிருந்ததினும் இருமடங்காயிருந்தது. அதுவரையிற் செலவு 40,000 ரூபாயைக் கடந்துவிட்டது. நால்வரும் தம் தொழிலில் தேர்ந்தவர்களே. அவர்கள் மாற்றிய பாகங்களும் நல்லனவே. ஆனால் நால்வரில் ஒருவரேனும், 'இந்நடுக்கம் தொடங்குவதற்கு முன் வண்டியில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டாரில்லை.

மேலே செல்லுமுன் வண்டியின் உட்கூற்றைச் சிறிது விளக்குதல் நலம். எஞ்சினில் பிறக்கும் சுழற்சி கிளட்சு, கியர்ப்பெட்டி ஆகியவற்றைக் கடந்து, 'டிரான்ஸ்பர் கேஸ்' என்னும் பங்கீட்டுப் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து நீண்ட குழாய்போன்ற ஷாஃப்டு ஒன்று பின் அச்சுக்கும், மற்றொன்று முன் அச்சுக்கும் செல்கின்றன. சாதாரண நிலையில் பின்சக்கரங்களே இழுக்கும். மணலிலும் சேற்றிலும் ஓட்டுநர் விரும்பினால் முன்னவையும் சேர்ந்து இழுக்கும். அச்சு பள்ளமேடுகளில் மேலும் கீழுமாக அசைவதால், ஷாஃப்டு வளைந்து கொடுக்கவேண்டும்; நீளத்திற் கூடிக் குறையவும் வேண்டும். வளைந்து கொடுப்பதற்கு இரு முனைகளிலும் சிலுவை வடிவான 'கிராஸ்' இணைப்புக்கள் உள்ளன. நீளம் மாறுவதற்குப் பற்கள் வெட்டிய இரு துண்டுகள் ஒன்றனுள் ஒன்று வழுக்கும்படி அமைந்துள்ளன. இப்பற்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க; கதையின் முடிச்சு அவற்றில்தான் இருக்கிறது.

ஐந்தாவதாக மாமா சென்றது ஊர்ப்புறத்திலுள்ள ஒரு தகரக்கொட்டகைக்கு. அங்கிருந்த முதியவர் வண்டியைத் திரும்பியும் பார்த்தாரில்லை. "வண்டி அங்கேயே நிற்கட்டும். ஓட்டினவர் இப்படி உட்காருங்கள்" என்றார். பின்னர் வினாக்கள் தொடங்கின. ஆடுவது கையிற் பிடித்திருக்கும் ஸ்டியரிங்கா, உட்கார்ந்திருக்கும் இருக்கையா? பாரம் ஏற்றியபோதா, வெறுமையாகப் போகும்போதா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலா, விட்டாலா? ஆட்டமா, நடுக்கமா, முனகலா?

இறுதி வினா என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஆட்டம், நடுக்கம், முனகல் என்னும் மூன்றையும் யான் ஒருபொருட் சொற்களாகவே எண்ணியிருந்தேன். அவர்க்கு அவை மூன்றும் மூன்று நோய்கள். பின்னர் யான் என் இயற்பியல் நண்பரோடு அமர்ந்து கணக்கிட்டபோது அவர் சொன்னதன் உண்மை விளங்கிற்று. மாமாவின் வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.35 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 9 முறைக்குச் சற்று மேலாகச் சுழலும். ஆதலின் சக்கரத்தில் எடை ஒருபக்கம் மிகுந்திருந்தால் நொடிக்கு 9 உதறல்கள், அஃது ஆட்டம். அச்சிலுள்ள பற்சக்கரங்களின் விகிதம் 4.1 ஆதலால், ஷாஃப்டு அதே வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 39 முறை சுழலும். ஷாஃப்டின் எடை சமனற்றிருந்தால் வருவது 39; அது நடுக்கம். கிராஸின் கோணத்திற் பிழையிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை, அதாவது நொடிக்கு 77 முறை அதிர்வு எழும். அது காதுக்கே முனகலாகக் கேட்கும். ஒரே வேகத்தில் மூன்று காரணங்கள் மூன்று குரலிற் பேசுகின்றன. அக்குரல்களைப் பிரித்தறியும் செவி இருந்தால், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் முக்காற்பங்கு ஐயம் தீர்ந்துவிடும். மாமாவின் விடை, 'முனகலோடு கூடிய நடுக்கம், இருக்கையில், வெறும் வண்டியில்தான் அதிகம்' என்பது.

அதன்பின்னரே முதியவர் வண்டியில் ஏறினார். சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் போக்குவரவு குறைந்த நேரம் பார்த்துச் சென்றோம். ஒரே வேகத்தை முதலில் நான்காம் கியரிலும் பின்னர் ஐந்தாம் கியரிலும் காத்தார். எஞ்சினின் சுழற்சி மாறியது, நடுக்கம் மாறவில்லை. நேரான சமதரையில் வண்டியை நியூட்ரலில் விட்டார். எஞ்சினை அணைக்கவில்லை; அணைத்தால் பிரேக்கின் துணைவலி போய்விடும், திருப்பும் சக்கரமும் பூட்டிக்கொள்ளக்கூடும் என்று எனக்கு எச்சரித்தார். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்க, நடுக்கம் வண்டியின் வேகத்தோடே சென்று அதனோடே தணிந்தது. இவ்விரண்டு சோதனைகளால் எஞ்சினும் அதன் ரப்பர்க் கட்டைகளும் கிளட்சும் குற்றமற்றவை என்று விடுதலையாயின. ஐந்து நிமிடமும் சிறிது டீசலுமே செலவு. மாமா ரப்பர்க் கட்டைக்குக் கொடுத்த தொகையை நினைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு சக்கர இழுவை வண்டிக்கு மற்றை வண்டிகட்கு இல்லாத ஒரு நன்மை உண்டு. அதற்கு இரண்டு வழிகள் இருத்தலின், ஒன்றை அடைத்துவிட்டு மற்றொன்றாற் செலுத்திப் பார்க்கலாம். முதியவர் வண்டியின்கீழ்ப் படுத்து, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சுழலவிட்டு, முன் ஷாஃப்டு அசையாது நிற்கிறதா என்று பார்த்தார். சில வண்டிகளில் முன்சக்கரத்து ஹப் பூட்டு விடுபடாமல் சிக்கி, இழுக்காத நிலையிலும் சாலையில் ஓடும்போது முன் ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே இருக்குமாம். ஆதலின் முன்சக்கரம் ஒன்றையும் தூக்கிக் கையாற் சுழற்றிப் பார்த்தார். இரண்டிலும் முன் ஷாஃப்டு நின்றே இருந்தது. பின்னர்ப் பின் ஷாஃப்டை முழுவதும் கழற்றி ஓரத்தில் வைத்தார். நான்கு சக்கர நிலையைத் தெரிந்து, முன்சக்கரங்களால் மட்டும் வண்டியை ஓட்டினார். மணிக்கு 80 கிலோமீட்டர் வரையில் வண்டி தெளிந்த நீரில் ஓடம்போற் சென்றது. சக்கரங்களும் டயர்களும் பின் அச்சும் அப்பொழுதும் சுழன்றுகொண்டுதான் இருந்தன. சுழலாதது பின் ஷாஃப்டு ஒன்றே. (இச்சோதனையை வீட்டிற் செய்ய விரும்புவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள்: சில வண்டிகளில் ஷாஃப்டைக் கழற்றினால் பங்கீட்டுப் பெட்டியின் எண்ணெய் வெளியே வழியும், பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கே அந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஆதலின் சக்கரத்திற்குக் கல் வையாமல் கீழே படுத்தலாகாது.)

இனிக் கிராஸின் இயல்பைச் சொல்லவேண்டும். இத்தகைய இணைப்பு, பதினேழாம் நூற்றாண்டில் அதனை ஆராய்ந்த இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞரின் பெயராலும், அவர்க்கு முற்பட்ட இத்தாலியராகிய கார்டானோவின் பெயராலும் வழங்குகிறது. அதற்கு ஒரு பிறவிக்குணம் உண்டு. வளைந்த நிலையில் ஒருபுறம் ஒரே சீராகச் சுழன்றாலும் மறுபுறம் அவ்வாறு சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். வளைவு 10 பாகையாயின், நிமிடத்திற்கு 1,000 சுற்றாகத் தரும் சுழற்சி மறுபுறத்தில் 985க்கும் 1,015க்கும் இடையே ஊசலாடும். இக்குறையைப் போக்க அறிஞர் கண்ட வழி வியக்கத்தக்கது: மறுமுனையில் இன்னொரு கிராஸை, அதே கோணத்தில், எதிர்வகையில் அமைத்தனர். முதலது விரையும்போது இரண்டாவது தளர, இரு குறைகளும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். இரு முனையின் கோணங்களும் ஏறக்குறைய ஒத்திருக்கவேண்டும். வேறுபாடு 1 பாகைக்குள் அடங்குதல் நன்று.

கழற்றி வைத்த ஷாஃப்டை முதியவர் தரையில் உருட்டிக் காட்டினார். ஒரு முனைக் கவை படுத்திருக்கும்போது மற்றது சாய்ந்து நின்றது! நான்காம் பட்டறையார் வழுக்கும் பற்களைப் பிரித்து மீண்டும் கோத்தபோது, பழைய இடத்தில் கோக்காமல் பல் தவறிக் கோத்துவிட்டனர். பிரிப்பதற்கு முன் இரு துண்டுகளிலும் உளியால் ஒரு கீறலோ, வண்ணத்தால் ஒரு கோடோ இட்டிருந்தால் இப்பிழை நேர்ந்திராது. ஒன்றையொன்று தின்னவேண்டிய குறைகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன. நடுக்கம் இருமடங்கானதன் காரணம் இதுவே.

அது பிந்திய நோய். முந்தியதோ? "மாம்பழத்துக்கு முன்னே பட்டை சேர்த்தீர்களா?" என்று கேட்டார் முதியவர். மாமா விழித்தார். ஆம், கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பின்பக்கத்து ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் சேர்த்திருந்தார். அதனால் வெறும் வண்டியின் பின்பாகம் உயர்ந்தது; ஷாஃப்டின் சரிவு மிகுந்தது; அச்சின் மூக்கும் சிறிது திரும்பியது. பாரம் ஏறினால் பின்பாகம் தாழ்ந்து கோணம் பழைய நிலைக்கு வரும். வெறும் வண்டியில்தான் நடுக்கம் அதிகம் என்ற விடையின் பொருள் அப்பொழுது விளங்கிற்று. என் கைபேசியிலுள்ள சாய்வுமானியைக் கொண்டு கோணங்களை அளந்தோம். யான் அப்பட்டறையில் செய்த ஒரே பணி அது. முன்முனையில் 4 பாகை, பின்முனையில் ஆறரை. ஒரு பட்டையை நீக்கி, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஆப்புப்போன்ற ஓர் இரும்புத் தகட்டை வைத்து இரண்டையும் ஏறக்குறைய 3 பாகைக்குக் கொண்டுவந்தார். கோணமே இல்லாமற் செய்துவிட்டால் இன்னும் நன்றன்றோ என்று யான் கேட்டேன். அன்று, கிராஸினுள் இருக்கும் ஊசி உருளைகள் சிறிதேனும் உருண்டால்தான் மசகு பரவும், ஓரிடத்திலேயே நின்றால் குழி விழுந்துவிடும் என்றார்.

இதற்கிடையில், மாமா வாங்கிய இரண்டு புதிய டயர்கள் வேறொரு தொல்லையைக் கொணர்ந்திருந்தன. மத்திய டிபரன்ஷியல் இல்லாத இவ்வகை வண்டிகளில், நான்கு சக்கர நிலையில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்னவற்றைவிட நீண்ட வழியைக் கடக்கின்றன. மணலில் சக்கரம் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் அதற்கு இடமில்லை. ஷாஃப்டு முறுக்கேறி, வண்டி திணறி உதறும். திருத்தணி மலைமேற் செல்லும் வளைவுச் சாலையில், 'மலையாயிற்றே' என்று நான்கு சக்கர நிலையில் ஏறுவாரும், பின்னர் 'கியர்ப்பெட்டி போயிற்று' என்று பட்டறைக்கு ஓடுவாரும் உளர். அது நோயன்று; பத்தியம் தவறியதன் பயன். பின்பக்கம் புதிய டயரும் முன்பக்கம் தேய்ந்த டயருமாயின் நேர்ச்சாலையிலும் இத்தொல்லை உண்டு. ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வேறுபட்டாற்கூட, ஒரு கிலோமீட்டருக்குள் முன்னும் பின்னும் 13 மீட்டர் அளவுக்குக் கணக்கில் முரண்படும். தேவையில்லாத மருந்து தானே ஒரு நோயாவதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, யான் குறைகூற விரும்புவது அந்த நான்கு பட்டறையாரை அன்று, எங்கள் வீட்டாரையே. முதியவர் ஒரு முழுநாள் உழைத்தார். புதிய பாகம் என்று அவர் வைத்தவை இரண்டு ஆப்புத் தகடுகளே. கூலி 2,500 ரூபாய் என்றார். நான்கு இடங்களிலும் அச்சிட்ட பட்டியலைக் கண்டு வாய்திறவாமற் பணம் கொடுத்த மாமா, இங்கே, "ஒன்றும் மாற்றவில்லையே, 1,500 வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்! முதியவர் சினவாமல், "புது ஷாஃப்டு போட்டேன் என்று ஒரு சீட்டுக் கொடுத்திருந்தால் கேட்காமல் கொடுத்திருப்பீர்கள்" என்றார். யான் தலைகுனிந்தேன். பெட்டியில் வரும் பொருளுக்கு விலையுண்டு, சிந்தித்த நேரத்திற்கு இல்லை என்பது நம் வழக்கமாயிருக்கும்போது, எந்தத் தொழிலாளிதான் சிந்திக்க நேரம் செலவிடுவார்? பாகத்தை மாற்றுவதே அவர்க்குப் பிழைப்பு. பெரிய பட்டறைகளில் கணினிப்பொறி பூட்டிப் பார்க்கிறார்களே என்பர் சிலர். அப்பொறி எஞ்சினின் மின்கருவிகளைப் பற்றிப் பல செய்திகள் சொல்லும். பல் தவறிக் கோத்த ஷாஃப்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இஃது ஏதோ நாற்பதாயிரம் ரூபாயைப் பற்றிய செய்தி என்று கருதற்க. கோணம் தவறி நடுங்கும் ஷாஃப்டில் கிராஸ் விரைவில் தேய்ந்து முறியும். முன்முனை முறிந்து ஷாஃப்டு சாலையில் விழுமாயின், ஓடும் வண்டியின் அடியில் அது ஈட்டிபோல் தரையிற் குத்தும். பிரேக்குக் குழாயையும் அறுக்கக்கூடும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பாரும், புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து செல்வாரும் நிறைந்த அச்சாலையில் அது யார்மேற் பாயும் என்று சொல்லமுடியாது. 'கொஞ்சம் நடுங்கும், ஆனால் ஓடும்' என்று சொல்லிக்கொண்டு அச்சாலையில் வண்டி செலுத்துவார் பலரை யான் அவ்விடுமுறையிற் கண்டேன். எங்கள் வீட்டாரும் இரண்டு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மொழித்துறை மாணவன் என்னும் முறையில் ஒன்று. இக்கட்டுரையில் கிராஸ், ஷாஃப்டு, ஹப் என்னும் சொற்களை அப்படியே எழுதியுள்ளேன். தூய தமிழ்ச் சொற்களை ஆக்கியிருக்கலாகாதா என்று எம் வகுப்பு நண்பர்கள் கேட்பர். ஆக்கலாம். ஆனால் திருத்தணிப் பட்டறையில் அவை செல்லாக் காசுகள். அப்பட்டறைக்கு உண்மையில் இல்லாதது சொல் அன்று. இவ்வினாக்களை வரிசையாகத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிச் சுவரில் ஒட்டிய ஒரு தாள். முதியவரின் பேரன் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தமிழ்த்தாளை யான் எழுதிக் கொடுத்தேன். தெலுங்குத்தாளை நகரியினின்று வரும் அவன் நண்பன் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.

மாமா முடிவில் 2,500 ரூபாயையும் கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு கூடை பங்கனபள்ளியும் அனுப்பினார். வண்டி இப்பொழுது 90 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் சற்று முனகுகிறது. அவ்வேகத்தில் அவர் போகவேண்டுவதும் இல்லை. ஆனால் நீக்கிய பட்டையை வரும் மாம்பழக் காலத்தில் மீண்டும் பூட்டவேண்டும் என்கிறார். கூடாது என்று யான் சொல்லிப் பார்த்தேன். அளந்த கோணங்களை ஒரு சீட்டில் எழுதி, ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.